அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

கேள்வி: நான்கு மாதம் முன்பு வேளச்சேரியில் மாடியுடன் ஒரு பழைய வீடு வாங்கினோம். பலத்த மழை பெய்தால் கீழ்த்தளக் கழிவறையில் சாக்கடைத் தண்ணீர் பொங்குகிறது. மாடியில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. கீழே இருக்கும் அம்மாவுக்கு வயது 74, முட்டி வலி. அவர் குறை எதுவும் சொல்வதில்லை. சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். விஷயத்தை மறைத்து விற்றவர் மேல் வழக்குப் போடலாமா?

- ஒரு வாசகர், சென்னை

பதில்: வழக்கைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று அவரிடம் கேட்டீர்களா? ராத்திரி அந்தக் கழிவறைக்குள் போகப் பயந்துதான். உங்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் 'குறை சொல்வதில்லை' என்று எழுதுகிறீர்கள். பிள்ளை கஷ்டப்பட்டு வாங்கிய வீடு, வாயைத் திறந்தால் அவன் மனசு நோகும் என்று அவர் அடக்கிக்கொள்கிறார். கேட்காமலே கவனிக்க வேண்டியது மகனின் கடமை.

மாடியில் பிரச்சினை இல்லை என்கிறீர்களே, பெரும்பாலான வீடுகளில் இரண்டு தளத்துக் குழாயும் ஒரே சேம்பரில்தான், அதாவது கழிவுநீர் சேர்ந்து தெருவுக்குப் போகும் தொட்டியில்தான், சேரும். அது நிரம்பி நிற்கும்போது நீங்கள் மேலே குளிக்கிற தண்ணீரும் ஃப்ளஷ் செய்கிற தண்ணீரும் அம்மாவின் கழிவறையில்தான் வந்து பொங்கும். யோசித்தீர்களா?

வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. வேண்டுமென்றே வேறு குடிக்காமல் இருந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல் எல்லாம் வரும். சுற்றி விழுந்தால் இந்த வயதில் இடுப்பெலும்பு உடையும். இன்றைக்கே உங்கள் அறையை அவருக்குக் கொடுங்கள், நீங்கள் ஹாலில் படுங்கள். படி ஏற முடியாவிட்டால் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேராகத் தூக்குங்கள். உறவினர் வீட்டுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சொந்த வீடு வாங்கியதும் அம்மாவை வெளியே அனுப்புவதா?

அப்புறம் குழாய். நல்ல பிளம்பரை வைத்து, வீட்டின் கடைசி சேம்பரைத் திறந்து பாருங்கள். அதுவும் தெரு மேன்ஹோலும் சேர்ந்து நிரம்பியிருந்தால் கோளாறு தெருவில். குடிநீர் வாரியத்துக்கு 1916 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். தெருவில் ஓட்டம் சரியாக இருந்தால் உங்கள் இணைப்புக் குழாயில் அடைப்பு. மழையில் மட்டும் பொங்குகிறது என்பதால், மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடையில் இணைத்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள், இருந்தால் பிரித்துவிடுங்கள். சாலையைப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகியிருந்தால், தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு தேவைப்படும். அது மூடியிருக்கும் நேரத்தில் மாடியில் குழாயைத் திறக்கக் கூடாது. இயந்திரம் வைத்துத்தான் அடைப்பு எடுக்க வேண்டும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013-ம் வருடச் சட்டப்படி குற்றம். அவர் வீட்டிலும் ஒரு அம்மா காத்திருப்பார்.

சரி, வழக்கு. 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு ஆதாரம் நீங்கள்தான் தேட வேண்டும். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், அங்கே முன்பு குடியிருந்தவர்களிடம் பேசுங்கள். பிறகு வக்கீலைப் பார்க்கலாம். ரிப்பேர் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள், அப்புறம் காட்ட ஒன்றும் இருக்காது.