வாசகர் கேள்வி-பதில்: அறுபது ஷாட்டும் தீராத சலிப்பும்

கேள்வி: 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத் துப்பாக்கி) சுடுகிறேன். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 60 ஷாட். எட்டு மாதமாக 600க்கு 555க்கும் 560க்கும் நடுவிலேயே நிற்கிறேன். இப்போதெல்லாம் ரேஞ்சுக்குக் கிளம்பவே மனம் வருவதில்லை. ஆர்வம் போய்விட்டதா, பயிற்சியில் கோளாறா?

பதில்: பயிற்சியில்தான் கோளாறு. நாள் தவறாமல் பரீட்சை எழுதுகிறீர்கள். பாடம் படிக்க ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. 60 ஷாட் போட்டி உங்கள் நிலையைக் காட்டுமே தவிர உயர்த்தாது. அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 75 நிமிடக் கடிகாரம் வைத்து, முறைப்படி சுடுங்கள். மற்ற நாட்களில் மொத்த ஸ்கோரைக் கூட்டவே வேண்டாம்.

ஒரு நாளை வெற்று அட்டைக்குக் கொடுங்கள். டார்கெட் அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை முன்னால் வைத்து, ஒரே அட்டையில் பத்து ஷாட், இப்படி மூன்று அட்டை. நடுவிலுள்ள கறுப்பு வட்டம் இல்லாதபோது குறிபார்க்க ஒன்றும் இருக்காது. கண் தானாக முன் சைட்டுக்கு (குழல் முனையிலுள்ள குறிமுள்ளுக்கு) திரும்பும். அது ஏன் முக்கியம் என்பதற்குச் சின்னக் கணக்கு: இரண்டு சைட்டுக்கும் இடைத்தூரம் 33 செ.மீ. என்று வையுங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் அது 30 மி.மீ. ஆகும், பத்தில் போகவேண்டியது ஏழில் போகும். ஆனால் சைட் இரண்டும் சீராக இருந்து, கை மட்டும் மொத்தமாக 5 மி.மீ. நகர்ந்தால், தவறும் அதே 5 மி.மீ.தான். பெல்லட்டின் (சிறு ஈயக் குண்டின்) மையம் டார்கெட் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தாலே பத்து. கை ஆடுவதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை என்பது இந்த அட்டையைப் பார்த்தால் புரியும். பலருக்கு வெள்ளை அட்டையில் விழும் குரூப் (ஷாட்களின் கூட்டம்), கறுப்பில் விழுவதைவிடப் பெரிதாக மோசமாக இருக்காது. வெள்ளையிலும் மனம் ஒரு நடுப்புள்ளியைக் கற்பனை செய்து தேடத் தொடங்கினால் குரூப் சிதறும். அப்போது நிறுத்தி, ஓய்வெடுத்துத் தொடருங்கள்.

இன்னொரு நாள், ஷாட்டைச் சொல்லும் பயிற்சி. ஷாட் விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டரை ஒரு காகிதத்தால் மூடிவிடுங்கள். சுட்டவுடன், பார்ப்பதற்கு முன்னால், "ஒன்பது, நாலு மணித் திசை" என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு காகிதத்தை விலக்கி ஒப்பிடுங்கள். 20 ஷாட்டில் 14க்கு மேல் சரியாகச் சொன்னால், ட்ரிக்கர் விடுபடும் கணத்தில் உங்கள் கண் சைட்டில் இருந்தது என்று அர்த்தம். சொல்ல முடியவில்லை என்றால் கண் அந்தக் கணத்தில் டார்கெட்டுக்கு ஓடியிருக்கும், அல்லது இமை மூடியிருக்கும். சொல்லி விழுந்த ஒன்பது, சொல்லாமல் விழுந்த பத்தைவிட மேல்.

மூன்றாவது நாள் விளையாட்டு. பத்துக்குக் கூட்டல் 1, ஒன்பதுக்குப் பூஜ்யம், எட்டும் அதற்குக் கீழும் கழித்தல் 2. கூட்டல் 5 வந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். கழித்தல் 5 வந்தால் டார்கெட் ஜெயித்தது. உங்கள் 9.3 சராசரிக்கு இது கொஞ்சம் உங்கள் பக்கம் சாயும் ஆட்டம். தொடர்ந்து ஜெயிக்கத் தொடங்கினால் ஒன்பதுக்குக் கழித்தல் 1 ஆக்குங்கள், சுவாரசியம் திரும்பிவிடும்.

நான்காவது நாள் கைவிடும் பயிற்சி. மூன்றுமுறை பிஸ்டலை உயர்த்தினால் மூன்றாவதைச் சுடாமலே இறக்க வேண்டும், எவ்வளவு அழகாக நின்றாலும் சரி. சைட் வந்து நின்ற பிறகு 5 முதல் 8 விநாடிதான் நல்ல நேரம். அதைத் தாண்டிப் பிடிவாதமாக இழுப்பதில்தான் பெரும்பாலான எட்டுகள் பிறக்கின்றன. இறக்குவது தோல்வி இல்லை என்று கைக்குப் பழக வேண்டும். எளிதாகத் தோன்றும், ஆனால் நான்கில் இதுதான் கடினம்.

கேள்வி: அலுப்பாக இருக்கிறதே என்று க்ரிப்பை (கைப்பிடியை) மாற்றலாமா, ட்ரிக்கரை இன்னும் லேசாக வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பயிற்சியை மாற்றுங்கள், கருவியை மாற்றாதீர்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஏர் பிஸ்டலில் ட்ரிக்கர் 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. சோதனையில் ட்ரிக்கரில் எடைக்கல்லை மாட்டித் தூக்குவார்கள், ட்ரிக்கர் விடுபடாமல் அதைத் தாங்க வேண்டும். சரியாக 500இல் வைத்தால் எடைக்கல்லைத் தூக்காமல் போகும் ஆபத்து உண்டு. 510, 520 என்று சற்றுக் கூடவே வையுங்கள்.

கேள்வி: வாரம் ஒருமுறைதான் ரேஞ்ச். வீட்டில் ட்ரை ஃபயர் (பெல்லட் போடாமல் ட்ரிக்கரை இழுக்கும் பயிற்சி) செய்யச் சொல்கிறார் கோச். பத்து நிமிடத்தில் கொட்டாவி வருகிறது.

பதில்: விளைவு தெரியாத வேலை அலுக்கத்தான் செய்யும். அதனால் ட்ரை ஃபயரிலும் எண்ணுவதற்கு ஒன்று வேண்டும். 'க்ளிக்' கேட்ட கணத்தில் முன் சைட் அசைந்ததா இல்லையா என்று மட்டும் பாருங்கள். அசையாவிட்டால் ஒரு கோடு, அசைந்தால் ஒரு புள்ளி. 20 முறைக்குப் பிறகு கோடுகளை எண்ணுங்கள். க்ளிக் ஆனதும் கையை இறக்கிவிடுவதுதான் வீட்டில் ஒட்டிக்கொள்ளும் கெட்ட பழக்கம். இரண்டு விநாடி அப்படியே நில்லுங்கள்.

மொத்தம் 20 நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் வெறும் சுவரில். அடுத்த ஐந்து, சுடாமல் பிடித்து நிற்பது: 15 விநாடி பிடி, 45 விநாடி ஓய்வு, ஐந்து முறை. மீதி, சிறு குறியில். கண்ணிலிருந்து 5 மீட்டரில் சுவர் இருந்தால் 30 மி.மீ. விட்டத்தில் கறுப்பு வட்டம் வெட்டி ஒட்டுங்கள். 10 மீட்டரில் தெரியும் 59.5 மி.மீ. கறுப்பின் அளவுக்கே தெரியும். உயரத்தையும் கவனியுங்கள். ரேஞ்சில் டார்கெட் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். உங்கள் கண் உயரம் 1.6 மீட்டர் என்றால், பாதித் தூரத்தில் வட்டம் 1.5 மீட்டரில் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 1.4இல் ஒட்டினால் தோள் தவறான கோணத்துக்குப் பழகும்.

பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, பிஸ்டலைத் திறந்து காலி என்று கண்ணால் பார்த்த பிறகே தொடங்குங்கள். குழல் ஆளில்லாத சுவரை நோக்கியே இருக்க வேண்டும். ட்ரை ஃபயர் வசதி இல்லாத ஸ்ப்ரிங் பிஸ்டலை வெறுமனே அடிக்கக் கூடாது. எதிரே காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் முன்சுவரில் போய் மோதும். தோட்டா போட்டுச் சுடும் பாயிண்ட் 22 பிஸ்டலில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) தோட்டா அறையின் விளிம்பில் பட்டு வடு விழலாம். போலித் தோட்டா போடுங்கள்.

கேள்வி: பயிற்சியில் 570 வருகிறது. போட்டியில் முதல் சீரிஸிலேயே (முதல் பத்து ஷாட்டிலேயே) 90க்குக் கீழே. பதற்றத்தைப் பயிற்சியில் கொண்டுவர முடியுமா?

பதில்: முழுமையாக முடியாது, ஓரளவு முடியும். பயிற்சியில் எந்த ஷாட்டும் கணக்கில் சேராத சூழலை உடைக்க வேண்டும். அன்றைய பயிற்சி தொடங்குமுன், சைட்டிங் ஷாட் (கணக்கில் சேராத சரிபார்ப்பு ஷாட்) முடிந்த கையோடு, ஒரே ஒரு ஷாட். அதை டெசிமலில் (10.3 போலத் தசமத்தில்) தேதியோடு குறியுங்கள், மறுவாய்ப்பு இல்லை. மாதக் கடைசியில் அந்த எண்களை மட்டும் பாருங்கள். சக வீரர் ஒருவர் இருந்தால் இறுதிச் சுற்றுப் போல ஒரு ஷாட்டுக்கு 50 விநாடி, கட்டளை கொடுத்துச் சுடுங்கள். டெசிமல் யாருக்குக் கூடுதலோ அவருக்கு ஒரு புள்ளி.

போட்டிக்கு முன் கிடைக்கும் 15 நிமிடத்தையும் பழக்கத்தில் கொண்டுவாருங்கள். அதில் 40 ஷாட் சுட்டுக் கையைக் களைக்க வைத்துவிட்டு முதல் சீரிஸைக் குறைசொல்பவர்கள் ஏராளம். 12, 15 ஷாட் போதும். கடைசி இரண்டு நிமிடம் பிஸ்டல் மேசையில் இருக்கட்டும்.

கேள்வி: மாறுதலுக்காக 25 மீட்டர் ரேபிட் முறையில் ஏர் பிஸ்டலைச் சுடலாமா?

பதில்: தாராளமாக. 25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் ரேபிட் பகுதியில் கை 45 டிகிரி கீழே காத்திருக்கும். 3 விநாடி டார்கெட் தெரியும், 7 விநாடி மறையும். ஒவ்வொரு முறையும் பெல்லட் போட வேண்டிய ஏர் பிஸ்டலில் அந்த 7 விநாடி நடக்காது. எனவே ஷாட்டுக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, உயர்த்திச் சுடுவதற்கு மட்டும் 3 விநாடி வையுங்கள். கை ஏறும்போதே ட்ரிக்கரின் முதல் கட்டத்தை (சுடும் புள்ளிக்கு முன்புள்ள லேசான இழுப்பை) எடுத்துவிட வேண்டும். சைட் நின்ற பிறகு விரலைத் தொடங்கினால் நேரம் பற்றாமல் இழுப்பீர்கள், வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் கீழே போகும். 20 ஷாட்டுக்கு மேல் வேண்டாம். முன்கூட்டியே ரேஞ்ச் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு வாரம் பிஸ்டலைத் தொடாமல் இருந்தால் எல்லாம் போய்விடுமா?

பதில்: போகாது. முதலில் தளர்வது தோளின் தாங்கும் சக்தி. திரும்பி வந்த முதல் இரண்டு நாள் 20, 25 ஷாட்டோடு நிறுத்துங்கள். மூன்றாம் நாள் 40. முதல் நாளே 60 சுட்டு ஸ்கோரைப் பார்ப்பதாக இருந்தால் ஓய்வே எடுத்திருக்க வேண்டாம்.