ஃபில்டர் போட்ட வீடியோவைத் தரம் குறையாமல் சுருக்கி எக்ஸ்போர்ட் செய்வது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: விர்ச்சுவல்டப் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் நிறத் திருத்தமும் இரைச்சல் (படத்தில் பொரிபொரியாகத் தெரியும் புள்ளிகள்) நீக்கும் ஃபில்டரும் போட்டுச் சேமித்தால், இரண்டே நிமிட வீடியோ 18 ஜிபி ஆகிறது. அதையே எம்பி4 ஆக்கினால் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. நடுவில் வழி இல்லையா?

இருக்கிறது. முதலில் அந்த 18 ஜிபி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1920×1080 அளவுள்ள ஒரு ஃப்ரேமில் 20 லட்சத்துக்கும் மேல் பிக்சல்கள். பிக்சலுக்கு 3 பைட் என்றால் ஒரு ஃப்ரேம் 6.2 எம்பி. விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 155 எம்பி, நிமிடத்துக்கு 9.3 ஜிபி. கம்ப்ரஷன் பட்டியலைத் தொடாமலே சேமித்திருக்கிறீர்கள். அது ஒன்றையும் சுருக்காமல் அப்படியே கொட்டிவிட்டது.

வீடியோவைத் தொடாமல் அப்படியே நகலெடுக்கும் ‘டைரக்ட் ஸ்ட்ரீம் காப்பி’ வைத்தால் தரமும் குறையாது, ஃபைலும் பெருக்காது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதில் உங்கள் ஃபில்டர் எதுவுமே ஏறாது. ஃபில்டர் போட்டால் பிக்சல் மாறுகிறது. பிக்சல் மாறினால் மறுபடி என்கோட் செய்துதான், அதாவது புதிதாகச் சுருக்கி எழுதித்தான் ஆகவேண்டும். ஒலியை மட்டும் தாராளமாக அப்படியே காப்பி செய்யலாம், அதை நீங்கள் தொடவே இல்லையே.

நான் செய்வது இரண்டு கட்டமாக. ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் போட்டு, இழப்பில்லாத கோடெக்கில் (கோடெக் என்றால் வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) ஒரு நடு ஃபைல் எடுத்துக்கொள்வேன். ஹஃப்யுவி, லாகரித், யுடி வீடியோ, எஃப்எஃப்வி1 எல்லாம் இந்த வகை. ஜிப் ஃபைல் மாதிரிதான், திறந்தால் உள்ளே போனது ஒரு பிட் மாறாமல் வெளியே வரும். வேகம் வேண்டுமென்றால் யுடி வீடியோ, இடம் மிச்சமாக வேண்டுமென்றால் எஃப்எஃப்வி1. இதுவும் பெரிய ஃபைல்தான், யாருக்கும் அனுப்ப முடியாது. ஆனால் இனி எத்தனை முறை வேண்டுமானாலும் இதிலிருந்து இறுதி ஃபைல் எடுக்கலாம், ஃபில்டரை மறுபடி ஓட்டவேண்டாம். எம்பி4 எடுத்து, அதில் இன்னொரு ஃபில்டர் போட்டு, மறுபடி எம்பி4 எடுப்பது நகலை நகலெடுக்கிற வேலை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேயும்.

இரண்டாவது கட்டம்தான் உங்கள் மெழுகு முகத்துக்கான இடம். நடு ஃபைலை ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் போன்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கொடுத்து எக்ஸ்264 கோடெக்கில் எடுங்கள். பிட்ரேட் (ஒரு விநாடி வீடியோவுக்கு ஒதுக்கும் டேட்டா) எவ்வளவு என்று கேட்கும் பெட்டியைத் தொடாதீர்கள். நான் பல நாள் அதில்தான் ஏமாந்தேன். ஒருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு அழகாக இருந்த அதே பிட்ரேட்டில், காற்றில் மரம் அசையும் காட்சி வந்ததும் இலைகளெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தன. பேச்சுக் காட்சிக்கு அது அதிகம், இலைகளுக்கு அது பற்றாது. பதிலாக சிஆர்எஃப் என்ற தர எண்ணை வையுங்கள். தேவைக்கேற்ற பிட்டை அதுவே காட்சிக்குக் காட்சி கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எண் சிறிதானால் தரம் கூடும். எக்ஸ்264இல் இயல்பாக இருப்பது 23. நான் 17 அல்லது 18 வைப்பேன். 6 குறைத்தால் ஃபைல் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்கோட் வேகத்தைத் தீர்மானிக்கும் ப்ரீசெட்டை ‘ஸ்லோ’ ஆக்கினால் நேரம் பிடிக்கும், ஆனால் அநேகமாக அதே தரம் இன்னும் சின்ன ஃபைலில் கிடைக்கும்.

சரி, சிஆர்எஃப் 0 வைத்தால்? 8 பிட் வீடியோவில் அது முழுக்க இழப்பில்லாததுதான். ஆனால் அந்த வகை எம்பி4 பல போன்களிலும் டிவிகளிலும் ஓடவே ஓடாது.

முழுப் படத்தையும் ஓட்டிவிட்டு வருத்தப்படாமல், முதலில் 20 விநாடி எடுத்துச் சோதியுங்கள். நல்ல வெளிச்சக் காட்சியை எடுக்காதீர்கள், அது எப்படிச் சுருக்கினாலும் அழகாகத்தான் இருக்கும். மங்கிய அறை, முகத்துக்குப் பின்னால் வெற்றுச் சுவர் என்று ஒரு துண்டு எடுங்கள். சுவரில் வெளிச்சம் இழைந்து குறையாமல் படிப்படியாகப் பட்டை விழுந்தால் எண்ணை இன்னும் குறைக்கவேண்டும். இரைச்சல் நீக்கும் ஃபில்டர் கொஞ்சம் மிஞ்சினாலே சுவரும் கன்னமும் மழமழவென்று ஆகிவிடும். உங்கள் மெழுகில் பாதி அதன் கைங்கரியமாகவும் இருக்கலாம். நடு ஃபைலைத் திறந்து பாருங்கள், அங்கேயே மெழுகு இருந்தால் கோடெக்கைத் திட்டிப் பயனில்லை. கூர்மையாக்கும் ஃபில்டர் இதற்கு நேர் எதிர்: மிச்சமிருக்கும் புள்ளிகளையும் தூக்கிக் காட்டி ஃபைலைப் பெருக்கவைக்கும்.

அப்புறம், சிவப்புச் சட்டையின் ஓரம் கசிந்ததுபோல் தெரிந்தால் அது எண்ணின் குற்றமல்ல. சாதாரண எம்பி4 நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வைத்திருக்கும். கறுப்பு சாம்பலாக வெளிறினாலும் சுருக்கத்தைச் சந்தேகிக்காதீர்கள். 16இலிருந்து 235 வரை என்ற ஒளி அளவை பிளேயர் 0 முதல் 255 என்று படித்துக்கொண்டிருக்கும்.

இறுதி ஃபைலை முழுக்கப் பார்க்கும்வரை நடு ஃபைலை அழித்துவிடாதீர்கள். நான் ஒருமுறை இடம் பற்றவில்லை என்று அழித்துவிட்டு அப்புறம்தான் கவனித்தேன்: முந்தைய வேலைக்கு வைத்த பட அளவு அமைப்பு அப்படியே இருந்து, படம் 1280×720 ஆகச் சுருங்கியிருந்தது. ராத்திரி முழுக்க ஓடிய இரைச்சல் நீக்கத்தை மறுநாள் ராத்திரியும் ஓட்டினேன்.