சில்லே காவல் நிற்கும்போது: நினைவகப் பாதுகாப்பு பற்றிய கேள்வி பதில்

சி, சி++ மொழிகளில் எழுதிய மென்பொருளின் நினைவகப் பிழைகளைத் தாக்குதலாளர்கள் பயன்படுத்தாமல் வன்பொருள் எப்படித் தடுக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வந்த கேள்விகளில் சில இங்கே.

தெம்பனிஸ், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: அக்கா, பிழையைத் திருத்திவிட்டால் போதாதா? சில்லை ஏன் மாற்ற வேண்டும்?

திருத்துவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டுமே, தம்பி. 1988இல் இணையத்தில் தானே பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல் நுழைந்த வழிகளில் ஒன்று, நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதும் பிழை. 2019இல்கூடத் தன் பாதுகாப்புக் குறைபாடுகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என்றது மைக்ரோசாஃப்ட். திறமையான பொறியாளர்கள் முப்பது ஆண்டுகள் போராடியும் தீராத சிக்கல் இது. அதனால் சில்லின் துணை அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

ஜூரோங், மென்பொருள் பொறியாளர்: திறன்பேசிகளில் உள்ள ஆர்ம் வகைச் சில்லுகளின் நினைவகக் குறியிடல் உண்மையில் என்ன செய்கிறது?

நினைவகத்தின் ஒவ்வொரு 16 பைட்டுக்கும் 4 பிட் குறி ஒன்று உண்டு. அந்த இடத்தைக் காட்டும் சுட்டியின் மேல் பிட்களிலும் அதே குறி இருக்கும். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எழுதும்போதும் சில்லு இரண்டையும் ஒப்பிடுகிறது.

ஓர் இடத்துக்குக் குறி 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் அதை விடுவித்ததும் குறி 9 ஆகிவிடுகிறது. பழைய சுட்டி எங்கோ மிச்சமிருந்து, 5 என்ற குறியோடு மறுபடி அங்கே போனால் நிரல் நின்றுவிடும். தாக்குதலாளருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாசல் வெறும் செயலிழப்பாக முடிகிறது.

குறிகள் மொத்தம் 16தான் என்பதால் குருட்டாம்போக்கில் பொருந்தும் வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் அடுத்தடுத்த இடங்களுக்கு வெவ்வேறு குறி கொடுத்துவிட்டால், எல்லை தாண்டிப் பக்கத்து இடத்தில் எழுதுவது தவறாமல் பிடிபடும். 2024இல் வெளியான டிக்டேக் ஆய்வு, சில்லின் ஊகச் செயலாக்கம் (அடுத்து வரக்கூடிய கட்டளைகளை முன்கூட்டியே செய்து பார்ப்பது) வழியே குறியைக் கசியவைக்கலாம் என்று காட்டியது. அதற்காகக் குறியிடலையே ஒதுக்குவது சரியல்ல. தாக்குதலின் விலை இன்னும் உயரத்தான் செய்கிறது.

யீஷூன் வாசகி: என் திறன்பேசியில் இது இருக்கிறதா?

2023இல் வந்த பிக்சல் 8இல் இருக்கிறது. நாமாக இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 16இன் மேம்பட்ட பாதுகாப்பு முறையை இயக்கினால், ஆதரிக்கும் கருவிகளில் இதுவும் சேர்ந்து வரும். 2025இன் ஐபோன் 17 வரிசையில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவுக்கு (கெர்னல்) இது எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். நான் வரவேற்பது இந்த அணுகுமுறையைத்தான்.

உட்லண்ட்ஸ் வாசகர்: அப்படியென்றால் அம்மாவின் ஃபோனை ஏமாற்றுச் செயலிகளிடமிருந்தும் இது காக்குமா?

காக்காது. குறுஞ்செய்தியில் வந்த கோப்பை அம்மாவே நிறுவி அனுமதியும் கொடுத்துவிட்டால், அங்கே நினைவகப் பிழைக்கே இடமில்லை. வெளியிலிருந்து வரும் செயலிகளை நிறுவும் வசதியை முடக்குங்கள், சிங்கப்பூரின் மோசடித் தடுப்புச் செயலியான ஸ்கேம்ஷீல்டையும் போட்டுக் கொடுங்கள்.

அங் மோ கியோ, ஆய்வு மாணவி: செரி (CHERI) என்ற வன்பொருள் பாதுகாப்புத் திட்டம் இதைவிட மேலானதா?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனமும் 2010இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், சுட்டியோடு எல்லையும் அனுமதியும் சேர்ந்தே பயணிக்கின்றன. சுட்டியைப் போலியாக உருவாக்க வன்பொருள் விடாது. யூகத்துக்கே இடமில்லாததால் என் மனம் இதன் பக்கம். ஆனால் சுட்டி 128 பிட்டாகிவிடுவதால் பழைய நிரல்களை மறுபடி தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும், சிலவற்றைத் திருத்தவும் வேண்டும்.

ஜூரோங் பொறியாளர் மறுபடியும்: எங்களிடம் பழைய சி நிரல் நிறைய இருக்கிறது. எங்கே தொடங்குவது?

சோதனைக் கருவிகளில் குறியிடலை இயக்குங்கள். பிழை நேர்ந்த கட்டளையிலேயே நிறுத்தும் முறையைத் தேர்ந்தெடுங்கள். தாமதமாகச் சொல்லும் முறை வேகமானது, ஆனால் தவறு எந்த வரியில் என்று காட்டாது. வெளியிலிருந்து வரும் படங்களையும் கோப்புகளையும் பிரித்துப் படிக்கும் பகுதிகளை முதலில் பாருங்கள். புதிதாக எழுதுவதை, இத்தகைய நினைவகப் பிழைகளைத் தொகுக்கும்போதே பெரும்பாலும் தடுக்கும் ரஸ்ட் மொழியில் எழுதுங்கள்.