பாராலீகல் படிப்பில் கணினியில் சட்டம் தேடுவது அவ்வளவு கடினமா? தீர்ப்புகளும் சட்டங்களும் உள்ள கன்லீ தளம் இலவசம், சட்ஜிபிடியும் இருக்கிறது. பிறகு காசு கட்டிப் பார்க்கும் வெஸ்ட்லோ எதற்கு?

வயதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் “இனிமேல் போய் இதையெல்லாம் என்னால் படிக்க முடியுமா” என்றும் கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால் நாற்பதைத் தாண்டியிருப்பீர்கள், ஸ்காபரோப் பக்கம் இருக்கிறீர்கள், செப்டம்பரில் கல்லூரி என்று எடுத்துக்கொள்கிறேன். பிழை என்றால் மன்னியுங்கள். நான் போய்ச் சேர்ந்தபோது என் நிலைமை அப்படித்தான் இருந்தது.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பைத் தேடி எடுப்பது யாருக்கும் வரும். எடுத்த தீர்ப்பு இன்றைக்கும் செல்லுமா என்று பார்ப்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அது வந்துவிட்டால் கன்லீயோ வெஸ்ட்லோவோ பெரிய வித்தியாசமில்லை.

நான் சொல்வது ஒன்ராறியோ நிலவரம். அமெரிக்காவில் பாராலீகல் என்றால் பெரும்பாலும் ஒரு வழக்கறிஞருக்குக் கீழே வேலை செய்பவர். இங்கே 2007 முதல், வழக்கறிஞர்களுக்கு உரிமம் கொடுக்கும் சட்டச் சங்கமே எங்களுக்கும் உரிமம் கொடுக்கிறது. சிறு உரிமைகோரல் நீதிமன்றம், வாடகை வழக்குப் பார்க்கும் எல்டிபி தீர்ப்பாயம், போக்குவரத்து டிக்கெட் எல்லாவற்றிலும் நாங்களே கட்சிக்காரருக்காக நின்று பேசலாம். ஆகவே தீர்ப்பைத் தேடி யாருடைய மேசையிலோ வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. எதிர்த்தரப்பு “அது பழைய தீர்ப்பு” என்று சொன்னால் முழிக்கப் போவது நாம்தான். (கலியாண வீட்டில் “பாராலீகல் என்றால் அரை லோயர்தானே” என்று கேட்பவர்களுக்கும் இந்தப் பந்தி.)

சரி, என் கதைக்கு வருகிறேன். ஊரில் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், காணிப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவள் நான். இங்கே வந்து வேறு வேலைகள் எல்லாம் பார்த்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு கல்லூரிக்குப் போனேன். ஆய்வு வகுப்பில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் என் மகளின் வயதுக்காரர்கள். கூகிளில் தட்டுகிற வேகத்தில் வெஸ்ட்லோவில் தட்டுவார்கள். எனக்கு ஆங்கிலத் தட்டச்சே மெதுவாகத்தான் வரும்.

ஒரு பயிற்சி கொடுத்தார்கள். வீட்டுக்காரர் தன் மகன் குடியிருக்கப் போகிறான் என்று சொல்லி வீட்டைக் காலி செய்யக் கேட்கும் என்12 அறிவித்தல் கொடுக்கிறார். வாடகைக்கு இருப்பவர் சொல்கிறார்: “இவருக்கு மார்க்கம் நகரில் இன்னொரு வீடு சும்மா கிடக்கிறது, மகன் அங்கே போகலாமே.” வீட்டுக்காரரின் எண்ணம் உண்மையாக இருந்தால் போதுமா, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டுமா? இதுதான் கேள்வி.

பக்கத்துப் பிள்ளைகள் தேடல் பெட்டியில் “லான்ட்லோர்ட்”, “எவிக்‌ஷன்”, “அன்ஃபெயர்” என்று போட்டார்கள். முடிவுகள் வந்து கொட்டின. ஒரு பிள்ளை மாகாணத்தைத் தெரிவு செய்யாமல் விட்டு பிரிட்டிஷ் கொலம்பியாத் தீர்ப்பு ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாள். நல்ல தீர்ப்புத்தான், ஆனால் அது அந்த மாகாணச் சட்டத்துக்கு.

நான் பெட்டியைத் தொடவே இல்லை. கச்சேரிப் பழக்கம், முதலில் சட்டம், பிறகுதான் மற்றது. கன்லீயில் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தைத் திறந்து 48ஆம் பிரிவுக்குப் போனேன். வீட்டுக்காரர் “நல்லெண்ணத்தோடு” கேட்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. அந்தப் பிரிவைச் சுட்டிய தீர்ப்புகளை அங்கிருந்தே எடுக்கலாம். எடுத்தால் மலைபோல வரும், பயப்படாதீர்கள். அதில் பெரும்பாலானவை எல்டிபி உத்தரவுகள். எல்டிபியில் ஒரு உறுப்பினர் சொன்னது இன்னொருவரைக் கட்டுப்படுத்தாது. மேல்முறையீடு பார்க்கும் டிவிஷனல் நீதிமன்றம் சொன்னால் கட்டுப்படுத்தும். அதை மட்டும் வடிகட்டினேன். பட்டியல் சுருங்கியது.

அதை வாசித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. அவற்றில் பல, 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றையே திரும்பத் திரும்பச் சுட்டின. 2001 என்றால் இப்போதைய சட்டமே பிறக்கவில்லை, அது பழைய வாடகைச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. அதனால் 48ஆம் பிரிவின் பட்டியலில் அது நேராக வராது, பிந்திய தீர்ப்புகளின் வழியாகத்தான் பிடிபடும். அதன் சாரம் இதுதான்: வீட்டுக்காரருக்கு அங்கே குடியிருக்கும் உண்மையான எண்ணம் இருந்தால் போதும், அவருடைய திட்டம் நியாயமானதா என்று அளக்கத் தேவையில்லை.

வேகக்காரப் பிள்ளைகளில் சிலரும் இந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். விடை கிடைத்துவிட்டது என்று மடிக்கணினியை மூடினார்கள். நான் மூடவில்லை. காணி வாங்க முன் பதிவகத்தில் தேடி, அந்தக் காணி உறுதிப் பத்திரத்துக்குப் பிறகு ஈடு வைத்திருக்கிறார்களா, வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்காமல் எங்கள் ஊரில் யாராவது காசைக் கொடுப்பார்களா? 2001க்குப் பிறகு இந்தத் தீர்ப்பை யார் யார் தொட்டார்கள் என்று பார்த்தேன். 2014இல் அதே டிவிஷனல் நீதிமன்றம் ஒரு நுணுக்கம் சேர்த்திருக்கிறது. எண்ணம் உண்மையானதா என்று தீர்மானிக்க வீட்டுக்காரரின் நடத்தையையும் நோக்கத்தையும் பார்த்து ஊகிக்கலாம் என்கிறது. அப்படியானால் மார்க்கம் வீட்டை நாம் முற்றாகத் தூக்கி எறிய முடியாது. “நியாயமில்லை” என்ற வாதமாக அது எடுபடாது. “உண்மையில் மகன் வரப்போவதில்லை” என்பதற்குச் சான்றுகளில் ஒன்றாக வைக்கலாம். இதைவிட 83ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தாலும் வெளியேற்றத்தை மறுக்கவோ தள்ளிவைக்கவோ எல்டிபிக்கு அது அதிகாரம் கொடுக்கிறது.

ஆசிரியை என் விடையைத் திரையில் போட்டுக் காட்டினார். ஆங்கில இலக்கணத்தில் சிவப்புக் கோடுகள் இருந்தன, அது வேறு. இதைப் பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆம், பெருமைக்கும்தான்.

அந்தத் தீர்ப்புகளின் பெயர்களை வேண்டுமென்றே எழுதவில்லை. மேலே சொன்ன வழியில் போனால் நீங்களே எடுத்துவிடுவீர்கள். இது சட்ட ஆலோசனையும் இல்லை. உங்களுக்கே என்12 வந்திருந்தால் உரிமம் உள்ள ஒருவரிடம் போங்கள், என் பதிலை அச்செடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போகாதீர்கள்.

இனி வெஸ்ட்லோவும், அதைப்போலவே காசு கட்டிப் பார்க்கும் லெக்சிஸும். “இலவசமாகக் கிடைக்கும்போது காசு கட்டுவது முட்டாள்தனம்” என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். கன்லீயை நடத்துவது நாட்டிலுள்ள சட்டச் சங்கங்களின் கூட்டமைப்பு, நான் தினமும் பாவிப்பதும் அதைத்தான். ஆனால் கன்லீ ஒரு தீர்ப்பை யார் சுட்டினார்கள் என்ற பட்டியலைத் தரும், வாசித்து முடிவெடுப்பது நம் தலையில். வெஸ்ட்லோவில் கீசைட் என்று ஒன்று, லெக்சிஸில் குயிக்சைட் என்று ஒன்று. மேல் நீதிமன்றம் கவிழ்த்திருந்தால் சிவப்பு அடையாளம், எச்சரிக்கை என்றால் மஞ்சள். நேரம் மிச்சம். ஆனால் சிவப்பைக் கண்டதும் தீர்ப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கவிழ்ந்தது உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு அம்சமாக இருக்கலாம். அறியாத துறை என்றால் வெஸ்ட்லோவில் உள்ள சட்டக் கலைக்களஞ்சியமும் லெக்சிஸில் அதேபோல உள்ள ஹால்ஸ்பரியும் தொடங்குவதற்கு நல்ல இடங்கள். கல்லூரிக் கடவுச்சொல் படிப்போடு முடிந்துவிடும். தனியாக அலுவலகம் போடுபவருக்குச் சந்தா கட்டுப்படியாகாது. அதனால் இருக்கும்வரை நன்றாகப் பழகுங்கள். உரிமம் வந்த பிறகு சட்டச் சங்கத்தின் ஓஸ்கூட் ஹோல் நூலகத்துக்குப் போகலாம்.

சட்ஜிபிடி. நான் அதற்கு எதிரி இல்லை, பழமைவாதி என்று ஒருவரும் கிளம்ப வேண்டாம். மக்கள் “அபார்ட்மென்ட்” என்பதைச் சட்டம் “ரென்டல் யூனிட்” என்று எழுதும். அந்த மாதிரித் தேடல் சொற்களை அதனிடம் கேட்டு எடுப்பேன். தீர்ப்பின் பெயரை மட்டும் அதனிடம் கேட்கமாட்டேன். 2023இல் நியூயோர்க்கில் அது இட்டுக்கட்டிச் சொன்ன, இல்லாத வழக்குகளை நீதிமன்றத்தில் கொடுத்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டொலர் தண்டம் விழுந்தது. அங்கேதானே என்று நினைக்காதீர்கள். 2025 மே மாதம் இங்கே ஒன்ராறியோ உயர் நீதிமன்றத்திலும் அதே கூத்து நடந்தது. உயர் நீதிமன்றத்தில் எழுத்துவாதம் கொடுப்பவர்கள், சுட்டிய தீர்ப்புகள் உண்மையானவை என்று கையெழுத்திட வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் விதிகள் வேறு. ஆனால் பொய்த் தீர்ப்பைக் கொண்டு போனால் உங்கள் உரிமம்தானே ஆட்டம் காணும்?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சுக்குள் கிடக்கிறது. படிப்பில் 120 மணித்தியாலம் களப்பயிற்சி கட்டாயம். சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம். இத்தனை தேடல் பழகிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். எனக்குத் தமிழ் தெரியும் என்று அறிந்த நாளிலிருந்து என்னிடம் ஒரு தீர்ப்பைத் தேடச் சொல்லவில்லை. வருகிற தமிழ்க் கட்சிக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பு, அவர்களுக்குத் தொலைபேசி, அவர்களுடைய கடிதங்களை வாசித்துச் சொல்வது. வெளியில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டால் மணிக்கணக்கில் காசு, என்னிடம் எல்லாம் இலவசம். பக்கத்து மேசையில் இருந்த பெடியனுக்கு ஆய்வுக் குறிப்பு எழுதக் கொடுத்தார்கள், அவன் சந்தேகம் கேட்டு என்னிடம்தான் வருவான். முடிவில் எனக்குத் தந்த நற்சான்றில் “மொழிபெயர்ப்பில் திறமையானவர்” என்று இருந்தது. ஆகவே களப்பயிற்சிக்கு இடம் பேசும்போதே “ஆய்வு வேலை தருவீர்களா” என்று கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

செப்டம்பர் வரை சும்மா இருக்க வேண்டாம். கன்லீயில் தீர்ப்பு வாசிக்கக் கடவுச்சொல் ஒன்றும் தேவையில்லை. இன்றைக்கே 48ஆம் பிரிவைத் திறந்து அந்த இரண்டு தீர்ப்பையும் தேடிப் பாருங்கள். சிக்கினால் கீழே கேளுங்கள். பெயரைச் சொல்லமாட்டேன், எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று சொல்வேன்.