சோற்றை நிறுத்திவிட்டுப் புரத மாவு குடிக்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எனக்கு வயது 42, எடை 78 கிலோ. துறைமுகத்தில் உட்கார்ந்தே கணக்கு எழுதும் வேலை. மூன்றாவது மாடியிலுள்ள வீட்டுக்கு ஏறுவதற்குள் மூச்சு இளைக்கிறது. மதியம் சாப்பிட்டதும் கண் சொருகுகிறது. சோற்றை அடியோடு விட்டுவிட்டு, காலையும் இரவும் புரத மாவு கரைத்துக் குடிக்கும்படி எங்கள் தெரு ஊட்டச்சத்து மையத்தில் சொல்கிறார்கள். மாதம் 6,000 ரூபாய். ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். தொடரலாமா?”

தொடர வேண்டாம். உங்களுக்குச் சோறு பகையல்ல. தட்டில் அது பிடித்திருக்கும் இடம்தான் அதிகம். எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, உங்களுக்கு நாளொன்றுக்கு 65 கிராம் தேவை. இரண்டு முட்டையில் 12 கிராம், காசிமேட்டில் வாங்கும் கவலை மீனோ நெத்திலியோ 100 கிராமில் சுமார் 20, ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டலிலும் சாம்பார்ப் பருப்பிலும் சேர்த்து 14, நாள் முழுவதும் உண்ணும் இட்லி, சோற்றிலிருந்து மீதி என்று எளிதாக நிறைந்துவிடும். வஞ்சிரம்தான் சத்து என்பது விலை கட்டிய மாயை.

மதியத் தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு மீன் அல்லது பருப்பு. மீதிக் கால் பங்கு சோறு. உருளைக்கிழங்கு வறுவல் காய்க் கணக்கில் வராது. சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தால் அந்தத் தூக்கம் பெரும்பாலும் குறையும். அலுவலகத்தில் ஐந்து டீ குடிப்பவர் என்றால், டீக்கு இரண்டு தேக்கரண்டி என்ற கணக்கில் 50 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடுகிறது. 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாலையில் பஜ்ஜியும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் வாரம் ஒருநாள் போதும். இத்தனைக்குப் பிறகும் இளைப்பு குறையாவிட்டாலோ கூடினாலோ, அது சமையலறையில் தீரும் விஷயமல்ல, மருத்துவரைப் பாருங்கள்.

இந்த மையங்களின் உத்தி எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஓர் எடைக் கருவியில் ஏற்றி, “உங்கள் உடலின் வயது 58” என்று பயமுறுத்துவார்கள். காலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்திக் கணிக்கும் அந்தக் கருவி, நீங்கள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாலே வேறு எண் காட்டக்கூடும். முதல் வாரத்தில் குறையும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி நீர்தான். மாவுச்சத்தைக் குறைத்தால் உடல் தேக்கி வைத்திருந்த நீர் வெளியேறுகிறது. டப்பாவிலுள்ள 14 இலக்க உணவு உரிம எண்ணையும் காட்டுவார்கள். விற்க அனுமதி உண்டு என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. பிறகு உங்களையே நான்கு பேரைச் சேர்த்துவிடச் சொல்வார்கள்.

இவர்களுக்கு இடம் கொடுத்தது யார் என்று பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அரசின் நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். துவரம்பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. நான்கு பேர் குடும்பத்தில் தலைக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம், அதில் புரதம் இரண்டு கிராம்கூடத் தேறாது. இந்த லட்சணத்தில், “சோற்றைக் குறையுங்கள்” என்று அறிவுரை வேறு.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுவதாக நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுபவராக இருந்தால், மாத்திரை அட்டையில் கிளிமிபிரைடு அல்லது கிளிக்ளசைடு என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இவை, நீங்கள் சோறு உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. மாத்திரை அளவு அப்படியே இருக்க, சோற்றை மட்டும் திடீரென்று நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும்: வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, சிலருக்கு மயக்கம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைத் தனியாக எடுத்தால் இந்த அபாயம் மிகக் குறைவு, ஆனால் அது கிளிமிபிரைடுடன் கலந்த ஒரே மாத்திரையாகவே பலருக்குத் தரப்படுகிறது; ஆகவே பெரிய எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அறிகுறி தெரிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். மாத்திரை அளவை மருத்துவர் மாற்றிக் கொடுத்த பிறகே சோற்றின் அளவில் கை வையுங்கள்.

முன்பணத்துக்கு ரசீது இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், திரும்ப வாங்கப் போனவர்களில் சிலர் இன்னொரு டப்பாவோடு வீடு திரும்பியதை நான் கண்டிருக்கிறேன்.