லேமினேஷனை நிறுத்துங்கள், ஆர்மோனியக்காரரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பகுதியின் ஸ்பெஷல் நாடக (வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் ஒன்றுகூடி விடிய விடிய நடத்தும் மேடை நாடகம்) வரலாற்றுக்காகச் சிறிய அருங்காட்சியகம் ஒன்றை அமைக்கிறோம். ராஜபார்ட் (கதாநாயக வேஷம்) கிரீடம், ஆர்மோனியம், போட்டோ, நாடக நோட்டீஸ் எல்லாம் நிறையச் சேர்ந்துவிட்டன. நோட்டீஸ்களை லேமினேட் செய்து சுவரில் மாட்டி, கேசட்டுகளை எம்பி3 ஆக்கிப் பென்டிரைவில் போட்டுவிட்டால் போதுமா?
– மதுரை மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: போதாது. லேமினேஷனுக்குக் கொடுத்த நோட்டீஸ்களை இன்றே திருப்பி வாங்கிவிடுங்கள். அவை மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. தாளை அரிக்கும் அமிலம் தாளுக்குள்ளேயே இருக்கிறது. சூடுபடுத்திப் பிளாஸ்டிக்கோடு ஒட்டினால் அமிலமும் உள்ளேயே அடைபடும். தாள் பழுத்து நொறுங்குவது நிற்காது, பிளாஸ்டிக்கைப் பிரித்தால் எழுத்தும் கூடவே உரிந்து வரும்.

ஃபிரேமுக்குள் அடங்க வேண்டும் என்று ஓரத்தை வெட்டுவது அதைவிடக் கேடு. அடியோரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. பல நோட்டீஸ்களில் ஆங்கில ஆண்டே இராது. ‘பிரமோதூத வருஷம், இன்ன மாதம், இன்ன தேதி, சனிக்கிழமை இரவு 10 மணிக்கு’ என்றுதான் இருக்கும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்; பிரமோதூத 1930-லும் வந்தது, 1990-லும் வந்தது. எந்தச் சுற்று என்று முடிவு செய்யத் தமிழ்த் தேதியும் கிழமையும் பஞ்சாங்கத்தில் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்; அந்த அச்சகம் எந்தக் காலத்தில் இயங்கியது, நடிகர் வரிசையில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அப்படியும் உறுதிப்படாவிட்டால் பதிவேட்டில் ‘1930?’ என்று கேள்விக்குறியோடு எழுதுங்கள். ஊகித்த ஆண்டைத் தீர்மானமாக எழுதிவிட்டால், அடுத்து வருகிறவர் அதையே ஆதாரமாக்கிவிடுவார்.

ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றுங்கள். துரு தாளைத் தின்னும். செல்லோடேப் ஒட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் அமிலமற்ற உறையில் மடிக்காமல் வைத்து, பின்பக்க மூலையில் 2பி பென்சிலால் எண்ணிடுங்கள். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, அந்தப் பிரதியைச் சுவரில் மாட்டுங்கள். ரோஸ், மஞ்சள் தாள்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும், அசல் இருட்டிலேயே இருக்கட்டும். புத்தகச் சேகரிப்பாளர் கோட்டையூர் ரோஜா முத்தையா இந்தத் துண்டுத் தாள்களையும் புத்தகங்களோடு சேர்த்து வைத்தார். அதனால்தான் அவர் பெயரில் சென்னையில் 1994 முதல் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றை இன்று பார்க்க முடிகிறது.

உங்கள் பட்டியலில் மனிதர்கள் ஒருவர்கூட இல்லை என்பதுதான் என் பெரிய கவலை. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேறோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகை இல்லாமல் நேரே மேடையில் சந்திக்கிறார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணம் அச்சில் கிடைக்கிறது, அது அழியாது. விடிய விடிய நாரதரும் வள்ளியும் நடத்தும் தர்க்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது நடிகரின் நினைவிலும், அவர் கைப்பட எழுதிய பாட்டு நோட்டிலும்தான் இருக்கிறது.

அந்த நோட்டைப் பிரித்துப் பாருங்கள். பாட்டுக்கு மேலே ராகத்தின் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் பழைய பாட்டு ஒன்றின் முதலடியைப் போட்டு ‘என்ற வர்ணமெட்டு’ என்று மட்டும் எழுதியிருக்கும். அந்தப் பழைய பாட்டை அறிந்தவர் போய்விட்டால் நோட்டில் மிஞ்சுவது வெறும் சொற்கள். ஆகவே நோட்டை முன் அட்டை, பின் அட்டை, வெற்றுப் பக்கங்கள் உட்பட வரிசையாகப் படமெடுத்துக்கொண்டு மூத்த ஆர்மோனியக்காரரிடம் போங்கள். ஒவ்வொரு மெட்டையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை கட்டைச் சுருதியில் வாசிக்கிறார், யாருக்குப் பின்பாட்டுப் பாடியபோது அதைக் கற்றார், எந்தக் கட்டத்தில் அது வரும் என்பதைப் பதிவிலேயே சொல்ல வையுங்கள். நோட்டுப் பக்கத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் ஒரே எண் கொடுங்கள். 75 வயதுக்காரரின் வீட்டுக்கு முதலில் போங்கள். நோட்டீஸ் ஆறு மாதம் காத்திருக்கும்.

அடுத்து கேசட்டுகள். ஜன்னல் வழியே பார்த்து, நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். அது ஹெட்டுக்கும் (டேப்ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் பாகம்), அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் ஏறும். தனியே உறையிட்டு விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டிலும் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் ஃபெல்ட் துண்டு உதிர்ந்திருக்கலாம். அப்படியானால் திருகாணி வைத்த வேறு கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றுங்கள். ஓட்டுவதற்கு முன் ஒருமுறை கடைசிவரை சுற்றித் திரும்பச் சுற்றினால் இறுக்கம் சமமாகும். ஒலி மந்தமாகக் கேட்டால் நாடாவைக் குறை சொல்லாதீர்கள். ஹெட்டின் சாய்வைச் சிறு ஸ்குரூவால் திருத்தினாலே பெரும்பாலும் தெளிவாகிவிடும். ஆர்மோனியச் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுந்தால், பதிவான வேகம் பிசகியிருக்கலாம் என்று குறித்து வையுங்கள்.

மூலப்பிரதி 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக இருக்கட்டும். ஒரு மணி நேர ஸ்டீரியோவுக்கு சுமார் 2 ஜிபி பிடிக்கும். எம்பி3 பார்வையாளர் கேட்பதற்கு மட்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலத்தில் கைவைக்க விடாதீர்கள். ‘பாட்டு மட்டும் போதும்’ என்று தொடக்க அறிவிப்பை வெட்டவே கூடாது. ஊர் எது, என்ன திருவிழா, செலவை ஏற்றவர் யார், பபூன் யார், டான்ஸ் யார் என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. பென்டிரைவை நம்பாதீர்கள். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். அசல் கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

அரக்கால் ஆன பழைய கிராமபோன் தட்டு (78 சுழற்சித் தட்டு) இருந்தால் ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். எல்பி ஊசியும் கூடாது, 78-க்கென்று உள்ள தடித்த ஊசிதான் வேண்டும். கிரீடத்துக்குத் திறப்புவிழாவுக்காகப் புது ஜிகினா ஒட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் வியர்வைத் துணியைக் கழற்றாமல், யார் எந்த வேஷத்துக்கு அணிந்தது என்று எழுதிக் கட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்ட ஒப்புதல் வாங்குங்கள்: கொடையா, இரவலா, பொதுவில் கேட்கலாமா, இணையத்தில் ஏற்றலாமா என்று தனித்தனியாக. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவருக்கும் உரிமை உண்டு. நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டு வரை அது நிற்கும். இன்னும் மேடையேறிக்கொண்டிருக்கும் நடிகர் தன் தர்க்கத்தை இப்போது வெளியிட வேண்டாம் என்றால், அந்தப் பதிவைப் பூட்டி வைத்து, எந்தத் தேதியில் திறக்கலாம் என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.