கேள்வி–பதில்: டெக்ஸ்ட் குறிப்புகளில் வேலைகளும் எண்ணங்களும்

கேள்வி: சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளில்தான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். செய்ய வேண்டிய வேலைகள் மற்ற குறிப்புகளுக்கு நடுவே புதைந்துவிடுகின்றன. வேலைகளுக்குத் தனிக் கோப்பு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒன்றை யோசித்து எழுதும்போதுதான் வேலையும் நினைவுக்கு வருகிறது. அதற்காக இன்னொரு கோப்பைத் திறக்க வேண்டுமென்றால் பாதி வேலைகள் எழுதப்படாமலே போகும். எழுதுகிற இடத்திலேயே வரியின் தொடக்கத்தில் 'செய்:' என்று போடுங்கள். யோசனைக்கு 'எண்ணம்:', பிறர் பதிலுக்காக நிற்பதற்கு 'காத்திரு:'. இந்த மூன்று போதும். முக்காற்புள்ளி அவசியம்; அது இல்லாமல் தேடினால் செய்தி, செய்முறை எல்லாம் வந்து குவியும்.

செய்: 2025-09-04 அறிக்கையின் இரண்டாம் பகுதியைத் திருத்து +அறிக்கை

ஒரு வரிக்கு ஒரு வேலைதான். கோப்புறை முழுவதும் 'செய்:' என்று தேடும்போது அந்த வரி மட்டுமே கண்ணில் படும். 'அதைப் பற்றிக் கேள்' என்று எழுதியிருந்தால் எதைப் பற்றி என்று உங்களுக்கே விளங்காது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், சுழியம் விடாமல் எழுதுங்கள். அப்போதுதான் நோட்பேட்++ போன்ற எடிட்டரில் வரிகளை அகரவரிசைப்படுத்தினால் நாள் வரிசையும் சரியாக அமையும். 2025-9-4 என்று எழுதினால் அது 2025-10-01க்குப் பின்னால் போய் நிற்கும். திட்டத்தின் பெயருக்கு முன் கூட்டல் குறி இடுவது, வேலைப் பட்டியலை டெக்ஸ்ட் கோப்பில் எழுத ஜினா ட்ரபானி 2006இல் வகுத்த டுடு.டிஎக்ஸ்டி முறையிலிருந்து வந்த வழக்கம்.

முடிந்த வேலையை அழிக்காமல் 'செய்:' என்பதை 'முடிந்தது:' என்று மாற்றுங்கள். மூன்று முறை தேதி தள்ளிப்போன வரியை 'எண்ணம்:' ஆக்கிவிடுங்கள். உண்மையில் அது இன்னும் வேலையாகவே ஆகவில்லை.

கேள்வி: 'தொகுப்பு' என்ற சொல் கோப்பில் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் தேடினால் கிடைப்பதில்லை. ஏன்?

பதில்: கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் 'தொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பல தேடல் கருவிகளுக்கு வேறு வேறு. 'தொ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பின்னழித்துப் பாருங்கள். பெரும்பாலான எடிட்டர்களில், 'தெ' மிஞ்சினால் அது இரண்டாக எழுதப்பட்டது, 'த' மிஞ்சினால் ஒன்றாக. பழுதான சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டி, மாற்றுப் பெட்டியில் புதிதாகத் தட்டச்சு செய்து, எல்லா இடங்களிலும் மாற்றிவிடுங்கள். ஓகாரத்துக்கும் இதே சிக்கல் உண்டு. மேலே 'யோசனை:' என்று வைக்காமல் 'எண்ணம்:' என்று வைக்கச் சொன்னது இதனால்தான்.

கேள்வி: சேமித்த தமிழ்க் குறிப்பு முழுவதும் கேள்விக்குறியாகிவிட்டது. மீட்க முடியுமா?

பதில்: தமிழுக்கு இடமில்லாத ஆன்சி குறிமுறையில் (எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறையில்) சேமித்திருப்பீர்கள். எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகளே பதிவாகியிருப்பதால் அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. பழைய பிரதி இருந்தால் தேடுங்கள். இனிச் சேமிக்கும்போது குறிமுறை யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள்.